முத்து, தேமல், புண்: வடசென்னையில் தோல்நோய்ப் பெயர்களின் வரலாறு

தோலில் தோன்றும் மாற்றங்களுக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் அடிப்படைப் பெயர்கள் நோய்களின் பெயர்கள் அல்ல. கண்ணுக்கும் விரலுக்கும் தெரிவதை மட்டும் சொல்பவை அவை. தட்டையா, மேடா? உள்ளே இருப்பது நீரா, சீழா? தனித்தனியாக நிற்கிறதா, ஒன்றோடொன்று கலந்துவிட்டதா? தொட்டால் உணர்ச்சி இருக்கிறதா? இவற்றுக்கெல்லாம் விடை எழுதிய பிறகே காரணம் பற்றிய பேச்சு வரும். ராயபுரத்தில் தொடங்கி தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை நீளும் கரையோரத்தில் இந்தப் பெயர்கள் மருத்துவக் குறிப்பேட்டோடு நிற்கவில்லை. ஒருவருடைய தோலில் இருப்பது என்ன பெயரில் எழுதப்பட்டதோ, அதைப் பொறுத்தே அவர் வெளியே நடமாடலாமா, அடைத்து வைக்கப்படுவாரா, இழப்பீடு கேட்க முடியுமா என்பதும் இருநூறு ஆண்டுகளாக முடிவாகி வந்திருக்கிறது.

இன்று மருத்துவக் கல்லூரிகளில் கற்பிக்கப்படும் சொற்களின் தொடக்கம் 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பா. 1776இல் வியன்னாவில் யோசப் பிளெங்க் தோல்நோய்களைத் தோற்றத்தை வைத்துப் பதினான்கு வகுப்புகளாகப் பிரித்தார். லண்டனில் ஏழைகளுக்கான இலவச மருந்தகம் ஒன்றில் வேலை பார்த்த ராபர்ட் வில்லான், 1798 முதல் பகுதி பகுதியாக வெளியிட்ட நூலில் அதை எட்டாகச் சுருக்கினார். அவருடைய மாணவர் தாமஸ் பேட்மன் 1813இல் எழுதிய சுருக்கநூல் அந்த எட்டையும் உலகமெங்கும் கொண்டுபோனது. தட்டையான நிறமாற்றம் மேக்யூல். சிறிய திடமான மேடு பேப்யூல். சிறு நீர்க்கொப்புளம் வெசிகிள், பெரியது புல்லா. சீழ் கட்டியது பஸ்ட்யூல். இவற்றோடு செதில், சிவந்து பரவும் தடிப்பு, கணுப்போன்ற கட்டி ஆகியவை. எது சிறிது, எது பெரிது என்பதில் வெகுகாலம் ஒருமித்த கருத்து இல்லை. ஒரு பாடநூல் அரை சென்டிமீட்டரில் கோடு போடும், இன்னொன்று ஒரு சென்டிமீட்டரில். உலகத் தோல்மருத்துவச் சங்கங்களின் கூட்டமைப்பு 1987இல் ஒரு சொற்பட்டியலை வெளியிட்டது. 2016இல் அதைத் திருத்தி வெளியிட்டது.

வில்லான் பார்த்தது லண்டன் ஏழைகளின் வெளுத்த தோலை. அதனால் அவருடைய முறையில் சிவப்பு என்பது முதன்மையான அடையாளமாகிவிட்டது. கருத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. அங்கே நோய் பெரும்பாலும் வெளிறலாகவோ கருமையாகவோதான் கண்ணில் படும். தொழுநோயின் தொடக்கப் புள்ளியை ஐரோப்பிய நூல்கள் செம்பு நிறம் என்று எழுதின. சென்னையில் அதே புள்ளி சுற்றியுள்ள தோலைவிட வெளிறித் தெரிந்தது. பெரியம்மையின் முதல் நாள் செம்புள்ளிகள் இங்கே பலரிடம் கண்ணுக்குப் படாமலே போய், இரண்டாம் நாள் மேடு தட்டிய பிறகே தெரியவந்தன.

தமிழில் வழங்கிய பெயர்கள் இந்தத் தோலைப் பார்த்துப் பிறந்தவை. ஆனால் ஒரே அளவுகோலால் பிறந்தவை அல்ல. வெளிறிப் பரவுவது தேமல். வட்டமாகப் படர்ந்து ஓரம் தடிப்பது படர்தாமரை. வேனற்கட்டி பருவத்தைச் சொல்கிறது, வேர்க்குருவும் சேற்றுப்புண்ணும் காரணத்தைச் சொல்கின்றன, நகச்சுற்று இடத்தைச் சொல்கிறது. திடீரெனத் தடித்து அரித்து மறைவது காணாக்கடி: கடித்தது எது என்று தெரியாது, ஆனால் ஏதோ கடித்திருக்கிறது என்ற சந்தேகம் பெயரிலேயே ஏறிவிட்டது. ராஜபிளவை என்றால் உயிருக்கு ஆபத்து என்ற எச்சரிக்கை. அக்கி என்றால் குயவரிடம் போய்க் காவிமண் கரைத்து எழுதிக்கொள்ள வேண்டும் என்ற சிகிச்சையும் கூடவே வரும். கரப்பான், சொறி, சிரங்கு, பாலுண்ணி, கால் ஆணி என்று பட்டியல் நீளும். சித்த, ஆயுர்வேத நூல்களோ குட்டத்தைப் பதினெட்டு வகையாகப் பிரித்தன. அவற்றுள் இன்றைய மருத்துவம் தொழுநோய் என்று சொல்வதும், செதில் படரும் சொரியாசிசும், சாதாரணப் படைகளும் கலந்தே இருந்தன.

இந்த இரண்டு முறைகளும் ஒரே தாளில் சந்தித்தது 1813இல். சென்னை ராணுவத்தின் அறுவை மருத்துவர் ஒயிட்லா எய்ன்ஸ்லி, சென்னை அரசு அச்சகத்தில் அச்சிட்ட 'மெட்டீரியா மெடிக்கா ஆஃப் ஹிந்துஸ்தான்' நூலில் மருந்துப் பொருள்களின் பெயர்களைத் தமிழ், தெலுங்கு, தக்கிணி, சமஸ்கிருதம் ஆகிய மொழிகளில் தொகுத்தார். தொழுநோயைப் பற்றி அவர் தனியாகவும் ஒரு கட்டுரை எழுதினார். அதன் தலைப்பே அக்காலக் குழப்பத்துக்குச் சான்று. அரேபியரின் லெப்ரா, அதாவது கிரேக்கரின் எலிஃபன்டியாசிஸ் என்று இரண்டு பெயர்களையும் அடுத்தடுத்து வைக்க வேண்டியிருந்தது. கிரேக்கர் லெப்ரா என்றது செதில் உதிரும் தோல்நோயை. தொழுநோயை அவர்கள் எலிஃபன்டியாசிஸ் என்றார்கள். அரபு நூல்களை லத்தீனில் பெயர்த்தவர்கள் தொழுநோய்க்கு லெப்ரா என்ற சொல்லைப் போட்டுவிட்டார்கள். எலிஃபன்டியாசிஸ் என்பது யானைக்காலுக்குப் போய்விட்டது. வில்லானின் நூலிலேயே லெப்ரா என்றிருப்பது பெரும்பாலும் சொரியாசிஸ்தான். 1840களில் வியன்னாவின் ஃபெர்டினாண்ட் ஹெப்ரா இந்த முடிச்சை அவிழ்த்தார். அதற்கு முந்தைய சென்னைப் பதிவுகளில் லெப்ரா என்று எழுதப்பட்ட அத்தனை பேருக்கும் தொழுநோய்தான் இருந்தது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

அந்தப் பதிவுகள் உருவான இடங்களில் முக்கியமானது ராயபுரத்தை ஒட்டிய மணியக்காரர் சத்திரம். ஹைதர் அலியுடனான போரும் பஞ்சமும் சேர்ந்து தாக்கிய 1782இல் கஞ்சி ஊற்றுவதற்காகத் தொடங்கியது அது. கஞ்சித்தொட்டி என்ற பெயர் அப்படி வந்தது. 1799இல் ஜான் அண்டர்வுட் என்ற மருத்துவர் அங்கே வைத்தியத்துக்கும் ஏற்பாடு செய்தார். பிறகு அரசு அதை எடுத்துக்கொண்டு ராயபுரம் மருத்துவமனை ஆக்கியது. ஆளுநர் ஜார்ஜ் ஃபிரெடெரிக் ஸ்டான்லியின் பெயரில் 1938இல் அது மருத்துவக் கல்லூரியாக உயர்ந்தது. வண்ணாரப்பேட்டைப் பெரியவர்களுக்கு இன்றும் அது கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிதான். பசியும் புண்ணும் ஒரே வாசலுக்கு வந்த இடம் அது. கஞ்சிக்கு வந்தவரின் கைகால்களைப் பார்த்து யாரை உள்ளே வைப்பது, யாரைத் தனியே அனுப்புவது என்று பிரிக்க வேண்டியிருந்தது. தனியே அனுப்பப்பட்டவர்களுக்காக ராயபுரம் பகுதியில் அரசாங்கத் தொழுநோய் மருத்துவமனை 19ஆம் நூற்றாண்டில் இயங்கியது.

தனியே அனுப்புவதைச் சட்டமாக்கியது 1898ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம். பிச்சையெடுக்கும் தொழுநோயாளரைப் பிடியாணை இல்லாமலே காவலர் பிடிக்கலாம். மருத்துவர் பார்த்துச் சான்று கொடுத்தால் நீதிபதி அவரை விடுதியில் அடைக்கலாம். விற்பனைக்கு உணவு சமைப்பது, பொதுக் கிணற்றில் குளிப்பது போன்றவற்றுக்கும் அது தடை போட இடம் கொடுத்தது. இந்தச் சட்டம் தொழுநோயாளர் என்பவரை வரையறுத்த விதம் கவனிக்கத் தக்கது. எந்த வகைத் தொழுநோயாக இருந்தாலும், உடலில் புண் வைக்கத் தொடங்கியிருந்தால்தான் அவர் சட்டத்தின் பார்வையில் தொழுநோயாளர். தேமல் மட்டும் உள்ளவரும், விரல் மரத்துப்போனவரும் அதற்குள் வரமாட்டார்கள். ஆக, மருத்துவரின் சான்றிதழில் புண் என்ற ஒரு சொல் இருக்கிறதா இல்லையா என்பதில் ஒருவருடைய சுதந்திரம் தொங்கியது.

மருத்துவ நோக்கில் இந்தக் கோடு தலைகீழானது. தொழுநோயாளரின் காலில் உள்ள புண் பெரும்பாலும் கிருமியால் நேரடியாக வருவதல்ல. நரம்பு செத்து உணர்ச்சி போன காலில் முள்ளும் சூடும் தெரியாமல் காயம் பட்டு, ஆறாமல் நிற்பது. நோய் அடங்கிப்போனவருக்கும் அது இருக்கும். மற்றவருக்குத் தொற்றும் வாய்ப்பு அதிகமுள்ளவரின் தோலோ புண்ணே இல்லாமல், பளபளத்து, காதுமடல் தடித்து மட்டும் இருக்கக்கூடும். நார்வேயின் டேனியல்சனும் பேக்கும் 1847லேயே கணுக்கள் தோன்றும் வகையையும் உணர்ச்சி போகும் வகையையும் பிரித்துக் காட்டியிருந்தார்கள். 1873இல் ஹான்சன் கிருமியையே கண்டார். சட்டம் எழுதியவர்கள் கண்ணுக்கு அருவருப்பானது எதுவோ அதைப் பிடித்துக்கொண்டார்கள் என்று சொல்வதே நியாயம். 1920இல் வந்த திருத்தம் புண் என்ற நிபந்தனையை நீக்கியது. ஆனால் அதன் விளைவு விடுதலை அல்ல. சட்டத்தின் வலை இன்னும் அகலமானது. அந்தச் சட்டம் ஏட்டிலிருந்து நீங்கியது 2016இல்தான்.

1925இல் செங்கல்பட்டுக்கு அருகே திருமணியில் லேடி வில்லிங்டன் தொழுநோய்க் குடியிருப்பு தொடங்கப்பட்டதும், சென்னை நகரத்து நோயாளிகள் அங்கே மாற்றப்பட்டார்கள். ராயபுரத்தோடு இருந்த தொடர்பு அத்தோடு முடிந்தது. பெயர் வைக்கும் வேலை திருமணியில் தொடர்ந்தது. 1930களில் அங்கே வந்த ராபர்ட் காக்ரேன், நீரடிமுத்து எண்ணெய் ஊசிக் காலத்திலிருந்து டாப்சோன் மருந்துக் காலத்துக்கு மருத்துவம் மாறியதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர். 1955இல் மத்திய அரசு அந்த இடத்தை எடுத்துக்கொண்டு ஆராய்ச்சி நிலையமாக்கியது. இந்தியத் தொழுநோய் மருத்துவர்கள் அதே காலத்தில் ஏற்ற வகைப்பாட்டில், பிற நாடுகளின் பட்டியலில் தனித்து நிற்காத ஒரு வகை இருந்தது: மேடு தட்டாமல், தட்டையாக, உணர்ச்சியற்று இருக்கும் தேமல். கருத்த தோலைத் தினமும் பார்த்தவர்கள் வைத்த பெயர் அது. பின்னாளில் சுவரெழுத்துகளில் ஊரெங்கும் தெரிந்த 'உணர்ச்சியற்ற தேமல்' அதுவேதான். 1966இல் ரிட்லியும் ஜாப்ளிங்கும் உடலின் எதிர்ப்புச் சக்தியை வைத்து வகுத்த ஐந்து வகைகள் ஆய்வாளர்களிடம் நிலைத்தன. களப்பணியாளருக்கு இன்னும் எளிதானது வேண்டியிருந்தது. இப்போதைய விதி தோலில் தெரியும் மாற்றங்களின் எண்ணிக்கைதான்: ஐந்து வரை இருந்தால் ஆறு மாத மருந்து, அதற்கு மேல் போனால் பன்னிரண்டு மாதம்.

ராயபுரத்துக்கு மேற்கே உள்ள வண்ணாரப்பேட்டை, கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்றுமதி செய்த துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்களின் குடியிருப்பாக வளர்ந்தது. பிரிட்டிஷ் ராணுவத்தாரின் பேச்சில் 'டோபி இட்ச்' என்ற பெயர் உண்டு. தொடையிடுக்கில் வரும் படர்தாமரைக்கு வெளுக்கிறவரின் மேல் பழி போட்ட பெயர். அந்தப் பூஞ்சை வியர்வையிலும் இறுக்கமான உடையிலும் வளர்வது. வெளுப்பவருக்கு அதில் பங்கில்லை. ஆனால் வெளுத்த துணியால் வேறொரு தோல்நோய் உண்மையிலேயே வந்தது. யாருடைய துணி என்று தெரிய, கழுத்துப்பட்டியிலும் இடுப்புப் பட்டியிலும் சேங்கொட்டைச் சாற்றால் குறி போடுவார்கள். சுண்ணாம்பு பட்டால் கறுத்து அழியாமல் நிற்கும். மாமரமும் மரமுந்திரியும் சேர்ந்த குடும்பத்து மரம் சேங்கொட்டை. அதன் எண்ணெய் பட்டால் சிலருக்குத் தோல் சிவந்து நீர்க்கொப்புளம் எழும். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் இருந்த அமெரிக்க ராணுவ மருத்துவர்கள், சிப்பாய்களின் பிடரியில் குறி பட்ட இடத்தில் மட்டும் கொப்புளம் எழுவதைக் கவனித்து 1943இல் எழுதினார்கள். தோலில் மாற்றம் எந்த வடிவில், எந்த இடத்தில் இருக்கிறது என்பதே காரணத்தைக் காட்டிக்கொடுத்த நேர்த்தியான எடுத்துக்காட்டு அது. சேங்கொட்டையோடு தினமும் புழங்கிய வெளுப்பவர்களின் கைகளைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் எழுதவில்லை.

வடசென்னை உலக மருத்துவத்துக்குக் கொடுத்த மிகப் பெரிய தோல்வகைப்பாடு இவற்றுக்கெல்லாம் பிறகு, தண்டையார்பேட்டையில் பிறந்தது. மாநகராட்சியின் தொற்றுநோய் மருத்துவமனை அங்கே இருக்கிறது. நகரத்தில் பெரியம்மை கண்டறியப்பட்டவர்கள் கொண்டுபோகப்பட்ட இடம் அது.

பெரியம்மையைப் பற்றிய வீட்டுச் சொற்களே ஒரு நோய்க்குறிப்பு போல அமைந்தவை. அம்மை வார்த்திருக்கிறது என்பார்கள். முதலில் முத்து போடும், பிறகு நீர் கோக்கும், பால் ஏறிச் சீழ் கட்டும், பொருக்கு தட்டும், பொருக்கு உதிர்ந்து தழும்பு நிற்கும். மேக்யூல், பேப்யூல், வெசிகிள், பஸ்ட்யூல், பொருக்கு, வடு என்ற மருத்துவ வரிசையோடு வைத்துப் பார்த்தால், கண்ணுக்குப் படாத அந்த முதல் புள்ளியைத் தவிர மற்றதெல்லாம் பொருந்தும். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாளைக் குறித்ததே பொருக்கு எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான். சின்னம்மை, தட்டம்மை, மணல்வாரி என்று பிற அம்மைகளையும் முத்தின் அளவையும் தோற்றத்தையும் கொண்டே பிரித்தார்கள். முத்து மாரியம்மனுடையது என்பதால் வேப்பிலை கட்டி, தாளிப்பு நிறுத்தி, வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தார்கள். மருத்துவமனைக்கு அனுப்புவது அம்மனை வெளியே அனுப்புவது போன்றது என்ற எண்ணம் பலமாக இருந்தது.

தடுப்பூசிக்கான அம்மைப்பால் 1802இலேயே பம்பாய் வழியாக இந்தியாவுக்கு வந்தது; அதே ஆண்டில் சென்னையிலும் அம்மை குத்தத் தொடங்கினார்கள். 1884இல் சென்னை மாகாணத்தில் இதற்கென்று சட்டம் வந்தது. 1899இல் கிண்டியில் கிங் நிலையம் தொடங்கி அம்மைப்பாலை இங்கேயே தயாரித்தது. குத்திய இடத்திலும் முழு நாடகமும் சிறிய அளவில் நடக்கும்: மூன்றாம் நாள் மேடு, பிறகு நீர், எட்டாம் நாளை ஒட்டிச் சீழ், அப்புறம் பொருக்கு, கடைசியில் குழிந்த வட்டத் தழும்பு. எந்த நாளில் எந்த மாற்றம் தெரிகிறது என்பதை வைத்தே குத்தியது பலித்ததா என்று முடிவு செய்தார்கள். ஐம்பது வயதைக் கடந்தவர்களின் மேல்கையில் இன்றும் அந்த வட்டம் இருக்கும். இவ்வளவு செய்தும் 1960களில் நகரத்தில் பெரியம்மை நின்றபாடில்லை.

அந்தப் பத்தாண்டில் தொற்றுநோய் மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் ஏ. ஆர். ராவ், படுக்கை படுக்கையாகப் பார்த்த நோயாளிகளைத் தோலின் தோற்றத்தை வைத்துப் பிரித்தார். இங்கிலாந்தின் டிக்சன் 1962இல் பெரியம்மையை ஒன்பது வகையாக்கியிருந்தார். நடைமுறைக்கு அது அதிகம். ராவ் நான்கோடு நிறுத்தினார். சாதாரண வகை, மாற்றமடைந்த வகை, தட்டை வகை, இரத்தக்கசிவு வகை. சாதாரண வகையை மட்டும் மறுபடி மூன்றாக்கினார். முகத்திலும் முன்கையிலும் முத்துகள் ஒன்றோடொன்று கலந்து தோலே தெரியாமல் போனால் ஒரு பிரிவு. முகத்தில் கலந்து மற்ற இடங்களில் தனித்திருந்தால் இன்னொன்று. எங்கும் தனித்தனியாக, இடையில் நல்ல தோல் தெரிந்தால் மூன்றாவது.

இதில் புதுமை பெயர்களில் இல்லை, பெயருக்கும் உயிர்பிழைப்பதற்கும் இடையே அவர் காட்டிய தொடர்பில் இருந்தது. 6,942 நோயாளிகளின் பதிவுகள் அவரிடம் இருந்தன. அவர்களில் 3,544 பேர் அம்மை குத்திக்கொள்ளாதவர்கள், 3,398 பேர் குத்திக்கொண்டவர்கள். குத்திக்கொள்ளாதவர்களில், முத்துகள் தனித்தனியாக இருந்தவர்களில் இறந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் ஒன்பது பேர்; பாதி கலந்தவர்களில் 37; முழுக்கக் கலந்தவர்களில் 62. கிருமி ஒன்றே, மருத்துவமனை ஒன்றே. முத்துகளுக்கு இடையே தோல் தெரிகிறதா என்று பார்த்தாலே யார் பிழைப்பார் என்பது ஓரளவு தெரிந்தது.

தட்டை வகை மிகக் கொடியது. அதில் முத்துகள் பருத்து எழுவதில்லை. தொட்டால் மென்மையாக, தோலோடு தோலாக அமிழ்ந்து கிடக்கும். பெரும்பாலும் குழந்தைகளுக்கு வந்த இந்த வகையில், அம்மை குத்தாதவர்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் இறந்தார்கள். முத்து கம்மியாகத்தான் போட்டிருக்கிறது என்று வீட்டில் ஆறுதல் கொள்ள இடம் தரும் தோற்றம். உண்மை அதற்கு நேர்மாறு. இரத்தக்கசிவு வகை பெரியவர்களிடம், குறிப்பாகக் கருவுற்ற பெண்களிடம், அதிகம் கண்டது. அதன் தொடக்க வடிவில் முத்து தோன்றும் முன்பே தோலுக்கடியில் இரத்தம் கட்டி ஆள் இறந்துவிடுவதால் அது பெரியம்மை என்றே தெரியாமல் போகும். அந்த உடலிலிருந்து மற்றவருக்குத் தொற்றிய பிறகே தெரியவரும். மாற்றமடைந்த வகை முன்பே அம்மை குத்திக்கொண்டவர்களுக்கு வருவது. முத்துகள் குறைவு, சீக்கிரம் காய்ந்துவிடும், மரணம் அரிது. ஆனால் நடமாடிக்கொண்டே நோயைப் பரப்பக்கூடியவர்கள் இவர்கள்.

சின்னம்மையிலிருந்து பெரியம்மையைப் பிரிப்பதும் இதே கண்ணின் வேலைதான். பெரியம்மை முகத்திலும் கைகால் நுனியிலும், உள்ளங்கை உள்ளங்காலிலும் நெருங்கிப் போடும். ஒரு பகுதியில் உள்ள முத்துகளெல்லாம் ஒரே பருவத்தில் இருக்கும். அழுத்தினால் ஆழத்தில் கெட்டியாகத் தட்டுப்படும். பலவற்றின் நடுவில் குழிவு விழும். சின்னம்மை மார்பிலும் முதுகிலும் அதிகம், மேலோட்டமானது, ஒரே இடத்தில் புதியதும் நீர் கோத்ததும் பொருக்குத் தட்டியதும் கலந்திருக்கும். சோதனைச்சாலை வசதி இல்லாத இடங்களில் ஒரு தெருவை அடைப்பதா வேண்டாமா என்பதை இந்த ஒரு பத்திதான் தீர்மானித்தது.

அதே மருத்துவமனை ஒரு மருந்துச் சோதனைக்கும் களமானது. மெத்திசாசோன் என்ற மாத்திரையை நோயாளிகளோடு நெருங்கியிருந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவை பவர், கெம்ப், டவுனி முதலியோர் 1963இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். மாத்திரை பெற்ற 1,101 பேரில் மூவருக்கு மட்டும் லேசான நோய். பெறாத 1,126 பேரில் 78 பேருக்கு நோய், 12 பேர் மரணம். பின்னர் நடந்த சோதனைகள் இவ்வளவு பலனைக் காட்டாததால் அந்த மருந்து வழக்கொழிந்தது. ராவின் வகைப்பாடு வழக்கொழியவில்லை. 1972இல் உலக சுகாதார நிறுவனம் அதை ஏற்றது. அதே ஆண்டில் ராவின் 'ஸ்மால்பாக்ஸ்' நூல் பம்பாயில் வெளிவந்தது. இந்தியாவின் கடைசிப் பெரியம்மை நோயாளி 1975 மே மாதம் அஸ்ஸாமில் கண்டறியப்பட்டார். 1980 மே 8 அன்று உலகிலிருந்தே நோய் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. ஒழிப்புப் பணியில் வீடு வீடாக நோயைத் தேடியவர்கள் கையில் வைத்திருந்தது சொற்பட்டியலை அல்ல, முத்து போட்ட குழந்தையின் படம் அச்சிட்ட ஒரு அட்டையை. எந்த மொழிக்காரரும் படத்தைப் பார்த்து ஆமாம் என்றோ இல்லை என்றோ சொன்னார்கள். நோய் போன பிறகும் பெரியம்மை பற்றிய பாடநூல்களில் தண்டையார்பேட்டையின் நான்கு வகைகளே இருக்கின்றன.

அம்மை ஒழிவதற்கு முன்பே திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் வேறு வகைத் தோல்நோய்கள் வந்து சேர்ந்தன. 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கியதுதான் பின்னாளில் எம்.ஆர்.எஃப். ஆனது. 1948இல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் வந்தது. 1969இல் மணலி சுத்திகரிப்பு ஆலை ஓடத் தொடங்கியது. ரப்பரைப் பதப்படுத்தும் வேதிப்பொருள்கள், கடைசல் எந்திரத்து எண்ணெய், துறைமுகத்தில் இறங்கிய சிமெண்ட் என ஒவ்வொன்றும் தோலில் தனக்குரிய அடையாளத்தை விடும். இயந்திர எண்ணெய் முன்கையிலும் தொடையிலும் மயிர்க்கால்களை அடைத்துக் கரும்புள்ளிகளாகவும் பருக்களாகவும் எழும். சிமெண்டில் உள்ள குரோமியம் உப்பு கையில் வெடிப்பும் செதிலும் உண்டாக்கும். குரோமிய அமிலம் தெறித்த இடத்தில் ஓரம் தடித்து, நடு குழிந்து, வலி அதிகமில்லாத சிறு புண் விழும். அதனால் பலர் அதை வெகுநாள் காட்டுவதில்லை.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் இவற்றில் சிலவற்றைப் பெயர் சொல்லியே மூன்றாம் அட்டவணையில் சேர்த்தது. குரோமியப் புண், கனிம எண்ணெயால் வரும் பரு மற்றும் தோலழற்சி, தோல் மேற்பரப்பில் வரும் புற்றுநோய், வேதிப்பொருளும் வண்ணப்பூச்சும் நேரடியாகப் பட்டு வரும் தோலழற்சி ஆகியவை அதில் இருந்தன. இவற்றைக் காணும் மருத்துவர் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு அறிவிக்க வேண்டியிருந்தது. கை அரிக்கிறது என்று வந்த தொழிலாளியின் சீட்டில் மருத்துவர் சொறி என்று எழுதினால் அது அவருடைய சொந்த நோய். எண்ணெயால் வந்த தோலழற்சி என்று எழுதினால் ஆலையின் பொறுப்பு. ராயபுரத்துச் சான்றிதழில் இருந்த அந்தப் பழைய சொல்லின் பலம் இங்கே முதல் முறையாக நோயாளியின் பக்கம் சாய்ந்தது. அதுவும் வேலைப் பதிவேட்டில் பெயர் உள்ள நோயாளிக்கு மட்டும்.

2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தபோது, கரையில் தேங்கிய கசடை வாளிகளால் அள்ளியவர்களில் பலர் உறையில்லாக் கையோடு இறங்கினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலையாற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் படர்ந்தது. அங்கே படகில் வலை வீசுபவர்களும் உண்டு, நீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பவர்களும் உண்டு. அரிப்பும் எரிச்சலும் தடிப்பும் அவர்கள் சொன்ன புகார்களில் இருந்தன. 1948 சட்டத்தின் அட்டவணையில் கனிம எண்ணெயால் வரும் தோலழற்சிக்குப் பெயர் இருந்தது. ஆனால் அந்தச் சட்டம் ஆலைக்குள் வேலை செய்பவருக்கானது. ஆலையின் எண்ணெய் வந்து சேரும் ஆற்றில் நிற்பவர் அதற்குள் வரவில்லை. அரசு 8.68 கோடி ரூபாய் நிவாரணம் அறிவித்தது. பாதிக்கப்பட்ட 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாய், வாழ்வாதாரம் பாதிக்கப்பட்ட மற்ற 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய். குடும்பத்துக்கு ஒரு கணக்கும் படகுக்கு ஒரு கணக்குமாகப் பணம் பிரிக்கப்பட்டது. தோலுக்கென்று தனிக் கணக்கு அதில் இல்லை.